புதனின் பகல்: கோள்களின் சுழற்சிக்காலமும் அறிவின் வரலாறும்

இலக்கிய ஆய்வையே தொழிலாகக் கொண்ட நாம் கோள்களின் சுழற்சிக்காலம் பற்றி எழுதப் புகுவது இவ்விதழின் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். காரணம் எளிது. நூலகமொன்றின் பழைய அடுக்கிலே, 1960ஆம் ஆண்டளவில் வெளிவந்த வானியல் அறிமுக நூலொன்றைப் புரட்ட நேர்ந்தது. புதன் தன் அச்சிலே ஒருமுறை சுழல்வதற்கு 88 நாட்கள் எடுக்கின்றது என்று அந்நூல் ஐயத்துக்கு இடமின்றிக் கூறிற்று. இன்றைய பாடநூல்கள் 58.6 நாட்கள் என்கின்றன. முன்னையது அச்சுப்பிழை அன்று. அக்காலத்து நூல்கள் யாவும் அவ்வாறே கூறின. இரு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் புதன் தனது வேகத்தை மாற்றிக்கொள்ளவுமில்லை. ஏடுகளிடையே பாடபேதம் காணுமிடத்து, எது சரியான பாடம் என்று வினவுவதோடு அமையாது, பிழைபட்ட பாடம் எங்ஙனம் தோன்றிற்று, எவர் கையில் நிலைபெற்றது என்றும் வினவுதல் எமது துறையின் வழக்கம். அதே வினாவை ஓர் எண் குறித்தும் எழுப்பலாம் என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். சுழற்சிக்காலம் என்பதும் பகலிரவு அடங்கிய நாள் என்பதும் ஒன்றல்ல. தொலைவிலுள்ள விண்மீன்களைச் சார்ந்து நோக்கும்போது பூமி 23 மணித்தியாலம் 56 நிமிடம் 4 செக்கனில் ஒரு சுழற்சியை முடிக்கின்றது. ஆயின் அதற்குள் பூமி தன் ஒழுக்கிலும் சிறிது முன்னேறி விடுவதால், ஞாயிறு மீண்டும் உச்சிக்கு வர ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் மேலும் வேண்டியிருக்கின்றன. 24 மணித்தியாலம் என நாம் வழங்குவது இந்த ஞாயிற்று நாளையே. கி.பி. 499இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தில், ஒரு மகாயுகத்துக்கு உரிய 43,20,000 ஆண்டுகளிற் பூமி 158,22,37,500 முறை சுழல்வதாகக் கணக்குத் தரப்பட்டுள்ளது. வகுத்துப் பார்ப்பின் மேற்கூறிய 23 மணித்தியாலம் 56 நிமிடம் 4 செக்கனே விடையாகக் கிடைக்கின்றது. கணக்கு சரியாயிருந்தும் கருத்து ஏற்கப்படவில்லை. பிரமகுப்தர் அதனைக் கண்டித்தார். அந்நூலிற் பூமியைக் குறித்த சொல்லை விண்மீன்களைக் குறிக்கும் சொல்லாகத் திருத்திப் படித்த உரைகாரரும் இருந்தனர். சுழல்வது பூமியன்று, விண்ணே என்றாயிற்று! பாடபேதத்தை நாம் முதலிலே குறிப்பிட்டது வெறும் உவமைக்காக அன்று என்பதை இது காட்டும்.

ஏனைய கோள்களின் சுழற்சியை அறிவதற்குத் தொலைகாட்டி மட்டும் போதாது. காலத்தை நுட்பமாக அளக்கும் கருவியும் வேண்டும். 1656இல் ஊசல் மணிக்கூட்டை அமைத்த ஹைகன்ஸே 1659இற் செவ்வாயின் மேற்பரப்பிலே கருந்திட்டு ஒன்றை வரைந்து, அது ஏறத்தாழ 24 மணித்தியாலத்தில் மீண்டும் தோன்றுவதைக் கண்டார் என்பது தற்செயலான ஒற்றுமையன்று. 1665இல் வியாழனுக்கு 9 மணித்தியாலம் 56 நிமிடம் என்றும், அடுத்த ஆண்டிற் செவ்வாய்க்கு 24 மணித்தியாலம் 40 நிமிடம் என்றும் கசினி கணித்தார். இன்றைய பெறுமானங்களாகிய 9 மணித்தியாலம் 55 நிமிடம் 30 செக்கன், 24 மணித்தியாலம் 37 நிமிடம் 23 செக்கன் ஆகியவற்றோடு இவற்றை ஒப்பிடுவோர் அக்காலத்தவரின் கைத்திறனை வியவாதிருக்க முடியாது. கடல்வழி வாணிகம் பெருகிய அந்நூற்றாண்டில், நடுக்கடலிற் கப்பலின் நெடுங்கோட்டை அறிவதற்கு நம்பகமான மணிக்கூடு தேவைப்பட்டது. ஹைகன்ஸின் மணிக்கூடுகள் கப்பல்களிலும் சோதித்துப் பார்க்கப்பட்டன. வியாழனின் துணைக்கோள்கள் பற்றிய கசினியின் அட்டவணைகளும் நெடுங்கோடு காணவே பயன்பட்டன. நியூற்றனின் நூலுக்கு இத்தகைய பொருளாதார வேர்களைக் காட்டிய சோவியத் அறிஞர் போரிஸ் ஹெசனின் 1931ஆம் ஆண்டு உரை நன்கறியப்பட்டது. அவ்வுரையை நிகழ்த்தி ஐந்து ஆண்டுகளில் அவர் தமது நாட்டிலேயே கொல்லப்பட்டார் என்பதையும் அவரை மேற்கோள் காட்டுவோர் சேர்த்துச் சொல்லுதல் நேர்மை.

புதனிடத்திற் கதை வேறு. வானத்தில் அது ஞாயிற்றினின்று 28 பாகைக்கு மேல் ஒருபோதும் விலகுவதில்லை. அந்திக் கருக்கலிலோ வைகறையிலோ அடிவானத்தருகே சிறிது நேரம் தோன்றி மறையும். தொலைகாட்டியில் நடுங்கும் சிறு பிறை. அதன்மேல் தெளிவற்ற சில நிழல்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் அவதானி ஷ்ரோட்டர் அதன் சுழற்சிக்காலம் ஏறக்குறைய 24 மணித்தியாலம் என்றே முடிவுசெய்தார். நாள்தோறும் ஒரே வேளையிற் பார்த்தவர்க்கு ஒரே தோற்றம் கிடைத்ததில் வியப்பில்லை.

மிலான் நகரின் பிரேரா வானாய்வகத்துக்குப் பொறுப்பாயிருந்த ஸ்கியாபரெல்லி வேறொரு வழியை மேற்கொண்டார். பட்டப்பகலில், ஞாயிறும் புதனும் உயரத்தில் நிற்கும் வேளையிலே தொலைகாட்டியைத் திருப்பி, 1882 முதல் ஏழு ஆண்டுகள் பொறுமையோடு நிழல்களை வரைந்தார். மணித்தியாலக் கணக்கில் அவை நகரவில்லை என்பதை ஐயமற நிறுவினார். ஷ்ரோட்டரின் 24 மணித்தியாலம் அத்தோடு வீழ்ந்தது. இவ்வளவும் உறுதியான அறிவு. ஆயின் 1889இல் அவர் இதற்கு மேலும் ஓரடி வைத்தார். சந்திரன் பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போலப் புதனும் ஞாயிற்றுக்கு ஒரே முகத்தைக் காட்டுகின்றது. ஆகவே அதன் சுழற்சிக்காலமும் ஆண்டும் 88 நாட்களே என்றார்.

இம்முடிவு வெறுங் கற்பனையன்று. வற்றுப்பெருக்கு உராய்வினால் ஒரு கோளின் சுழற்சி காலப்போக்கில் தளர்ந்து நின்றுவிடும் என்பதை அதற்குச் சற்று முன்னரே ஜோர்ஜ் டார்வின் கணித முறையில் ஆராய்ந்திருந்தார். ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள கோளுக்கு இக்கதி நேர்ந்திருக்கும் என்பது எவருக்கும் பொருத்தமாகவே பட்டது. கோட்பாடு கண்ணுக்கு வழிகாட்டிற்று. கண் கோட்பாட்டுக்குச் சான்று தந்தது. இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்ற இரண்டும் 76 ஆண்டுகள் அசையவில்லை.

பின்வந்தோர் செய்ததை எமது துறையின் சொல்லாற் கூறுவதாயின், மூலத்தைப் படியாது உரையைப் படித்தனர் எனலாம். பாரிசுக்கு அண்மையிலுள்ள மியூடன் வானாய்வகத்திற் பெருந்தொலைகாட்டி கொண்டு ஆண்டுக்கணக்கில் அவதானித்த அந்தோனியாடி 1934இற் புதனைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 88 நாள் அங்கும் உறுதிசெய்யப்பட்டது. எதிர்பார்த்த நிழல் எதிர்பார்த்த இடத்தில் இல்லாதபோது, புதனின் மேலுள்ள தூசிமேகம் அதனை மறைத்ததாக விளக்கம் தரப்பட்டது. புதனில் அத்தகைய மேகம் எதுவும் இல்லை என்பதை இன்று நாம் அறிவோம். பிழைபட்ட பாடத்தைக் காப்பதற்கு இல்லாத வரியொன்றை இயற்றிச் சேர்த்த உரைகாரர்கள் எமக்குப் புதியவரல்லர்.

ஆயினும் அவர்கள் கண்டதெல்லாம் பொய்யா? இல்லை என்பதே இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. பூமியிலிருந்து புதனை நன்கு அவதானிக்க வாய்ப்பான நிலைமை ஏறத்தாழ 348 நாட்களுக்கு ஒருமுறை திரும்புகின்றது. புதன் 88 நாளில் ஒருமுறை சுழல்வதாயின் 352 நாட்களில் நான்கு சுழற்சிகள் நிறைவுறும். 58.65 நாளில் ஒருமுறை சுழல்வதாயின் அதே 352 நாட்களில் ஆறு சுழற்சிகள் நிறைவுறும். இரண்டில் எதுவாயினும், அடுத்த நல்வாய்ப்பின்போது ஏறக்குறைய அதே முகமே தொலைகாட்டியில் வந்து நிற்கும். எனவே வரைந்த ஓவியங்கள் இரு கணக்குக்கும் இசைந்தன. 1965இன் பின் அப்பழைய ஓவியங்களை மீளாய்வு செய்தோர், அவை புதிய காலத்துக்கும் பொருந்துவதைக் கண்டனர். தரவு பிழைக்கவில்லை, வாசிப்பே பிழைத்தது.

திருத்தம் கூரிய கண்ணிலிருந்து வரவில்லை. 1962இல் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் புதனிலிருந்து வரும் வானொலி அலைகளை அளந்தபோது, என்றென்றும் இருளில் உறைந்து கிடப்பதாகக் கருதப்பட்ட பக்கம் வேண்டிய அளவு குளிராக இல்லை என்று புலப்பட்டது. அப்போதும் 88 நாளை ஐயுறுவதினும், மெல்லிய வளிமண்டலம் ஒன்று வெப்பத்தைக் காவிச் செல்கின்றது போலும் என்று கொள்வதே இலகுவாயிருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1965இல், பெற்றென்கில், டைஸ் ஆகிய இருவரும் அரெசிபோ வானொலித் தொலைகாட்டியிலிருந்து புதனை நோக்கி ராடார் அலைகளைச் செலுத்தி எதிரொலியை ஆராய்ந்தனர். சுழலும் கோளின் ஒரு விளிம்பு எம்மை நோக்கி வரும். மறுவிளிம்பு விலகிச் செல்லும். வரும் விளிம்பிற்பட்டு மீளும் அலையின் மீடிறன் சற்றுக் கூடியும், விலகும் விளிம்பிற்பட்டு மீள்வது சற்றுக் குறைந்தும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான விரிவே சுழற்சியின் வேகத்தைச் சொல்லிவிடும். நிழலும் வேண்டாம், ஓவியமும் வேண்டாம். விடை 59 நாள். ஐந்து நாள் கூடலாம், குறையலாம். எங்ஙனம் நோக்கினும் 88க்கு அங்கு இடமில்லை.

அவ்வாண்டிலேயே இத்தாலியரான ஜுசெப்பே கொலொம்போ, 58.65 என்பது 88இன் சரியான மூன்றில் இரு பங்கு என்பதைச் சுட்டினார். (பெயரைக் கேட்டு எமது தலைநகருக்கு உறவு கொண்டாட வேண்டியதில்லை.) புதனின் ஒழுக்கு நீண்ட வட்டம், ஞாயிற்றுக்கும் அதற்குமிடையிலான தூரம் 46 மில்லியன் கிலோமீற்றருக்கும் 70 மில்லியன் கிலோமீற்றருக்கும் இடையே மாறுகின்றது. மிக அண்மித்து, ஞாயிற்றின் பிடி மிக இறுகியுள்ள வேளையில் அது ஒழுக்கில் விரையும் கோணவேகமும் அதன் சுழற்சியும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஆகவே இரண்டு ஆண்டுக்கு மூன்று சுழற்சி என்ற கணக்கில் அது பூட்டப்பட்டுள்ளது. விளைவு விந்தையானது. புதனில் ஒரு ஞாயிற்று நாள் 176 பூமிநாட்கள், அதாவது அதன் ஆண்டைப் போல் இரு மடங்கு. ஞாயிற்றை அண்மிக்கும் நாட்களிற் சில இடங்களில் உதித்த ஞாயிறு மீண்டும் மறைந்து மறுபடி உதிக்கும். நித்தியப் பகலும் நித்திய இரவும் அங்கில்லை. அவற்றை நம்பி எழுதப்பட்ட புனைகதைகள் பல. இருண்ட புதனே ஞாயிற்றுத் தொகுதியின் அதிகுளிரான இடம் என்ற கருத்தை மையமாகக் கொண்ட லாரி நிவனின் முதற் சிறுகதை 1964இல் அச்சேறிச் சில மாதங்களுக்குள் அதன் அடிப்படையே இல்லாமற் போயிற்று. நிகழ்கால விஞ்ஞானத்தின் மேற் கதை கட்டுவோர் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி.

புதனின் குறும்பு அத்தோடு முடியவில்லை. 1974, 1975ஆம் ஆண்டுகளில் மரைனர் 10 விண்கலம் மும்முறை அதனைக் கடந்து சென்றது. விண்கலம் திரும்பி வரும் கால இடைவெளியும் 176 நாட்களாக அமைந்தமையால், மும்முறையும் ஒளிபட்டிருந்தது ஒரே பக்கமே. கோளின் ஏறக்குறைய 45 வீதமே படம்பிடிக்கப்பட்டது. எஞ்சியதை முழுமையாகக் காண மெசெஞ்சர் விண்கலம் 2011இல் புதனைச் சுற்றத் தொடங்கும்வரை ஏறத்தாழக் காத்திருக்க நேர்ந்தது.

அரெசிபோவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1898இல் ஐக்கிய அமெரிக்கா கைப்பற்றிய புவேர்ட்டோ ரிக்கோத் தீவிலே, இயற்கையான பள்ளமொன்றிற் பதித்து அமைக்கப்பட்ட 305 மீற்றர் அகன்ற கிண்ணம் அது. 1963இல் திறக்கப்பட்டது. அதற்கான பணம் விண்ணியலை வளர்க்கும் ஆர்வத்தினால் வந்ததன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயராய்வு முகவரகத்திலிருந்து வந்தது. எதிரியின் ஏவுகணை மேல்வளியைக் கடக்கும்போது ஏற்படும் மாற்றங்களை அறிய, அயனமண்டலத்தை ஆராய்வதில் அவர்களுக்கு அக்கறை இருந்தது. யுத்த ஆயத்தத்தின் உபவிளைவாகப் புதனின் நாள் அறியப்பட்டது. இதனால் 58.65 என்ற எண் முதலாளித்துவ எண் ஆகிவிடாது. அறிவு பிறக்கும் சூழல் வேறு, அறிவின் உண்மை வேறு. இவ்விரண்டையும் குழப்புவோர் எமது முகாமிலேயே இருந்தனர், இருக்கின்றனர். முன்னையதைக் காண மறுப்போர் எதிர்முகாமில் உள்ளனர் என்பது தனிக்கதை. பராமரிப்புக்கான நிதி ஆண்டுக்காண்டு சுருங்கிய அக்கருவி, வடங்கள் அறுந்து 2020 டிசெம்பர் 1ஆந் திகதி இடிந்து வீழ்ந்தது.

முகாம் என்றதும் வெள்ளியின் நினைவு வருகின்றது. தடித்த மேகம் போர்த்த அக்கோளுக்குக் கசினி முதல் பலரும் ஏறக்குறைய ஒரு நாள் என்றனர். பியாங்கினி 24 நாள் என்றார். ஸ்கியாபரெல்லி 1890இல் இதற்கும் ஆண்டளவே, 225 நாள், என்றார். 1961இல் இரு வல்லரசுகளும் போட்டியிட்டு வெள்ளியிலிருந்து ராடார் எதிரொலி பெற்றன. சோவியத் குழுவினர் முதலிற் கணித்த சுழற்சிக்காலம் பத்துப் பதினொரு நாள், அதுவும் பிழை. 1962இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்திலிருந்து அவதானித்த கோல்ட்ஸ்டைனும் கார்ப்பென்டருமே, வெள்ளி ஏறக்குறைய எட்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் ஏனைய கோள்களுக்கு எதிர்த்திசையிற் சுழல்கின்றது எனக் காட்டினர். இன்றைய பெறுமானம் 243.02 நாள். அதன் மேகங்களோ நான்கே நாட்களிற் கோளைச் சுற்றி வருகின்றன. இதனைப் பிரசாவில் நகரிலிருந்து எளிய கருவி கொண்டு 1957இற் கண்டவர் சார்ள்ஸ் போயர் என்னும் பிரெஞ்சு நீதித்துறை அதிகாரி. வானியல் அவருக்குப் பொழுதுபோக்கு. நிபுணர் பலர் அதனை நம்பவில்லை. 1974இல் மரைனர் 10 அனுப்பிய படங்கள் நம்ப வைத்தன. நிலத்தின் சுழற்சியும் மாறாதது அன்று: 2006 முதல் 2020 வரை எடுக்கப்பட்ட ராடார் அளவீடுகள், வெள்ளியின் சுழற்சிக்காலம் 20 நிமிடமளவிற் கூடிக் குறைவதைக் காட்டியுள்ளன. பாரமான வளிமண்டலம் நிலத்தைத் தள்ளியும் இழுத்தும் விளையாடுகின்றது.

நிலமே இல்லாத கோளுக்குச் சுழற்சிக்காலம் என்பதன் பொருள் யாது? வியாழனின் நடுக்கோட்டு மேகங்கள் 9 மணித்தியாலம் 50 நிமிடத்திலும், அப்பாலுள்ளவை ஐந்து நிமிடம் தாமதித்தும் சுற்றுகின்றன. எனவே கோளின் உள்ளே தோன்றும் காந்தப்புலத்தின் சுழற்சியையே அளவாகக் கொள்கின்றனர். சனியில் அதுவும் கைகொடுக்கவில்லை. வொயேஜர் விண்கலங்கள் 1980, 1981ஆம் ஆண்டுகளில் 10 மணித்தியாலம் 39 நிமிடம் என அளந்தன. 2004இற் சென்ற கசினி விண்கலம் 10 மணித்தியாலம் 45 நிமிடத்துக்குச் சற்று மேல் என்றது. அத்துணைப் பெரிய கோள் கால் நூற்றாண்டில் ஆறு நிமிடம் தளர்தல் இயலாது. அளந்த வானொலித் துடிப்பு கோளின் உட்பகுதியினுடையது அன்று என்பதே தெளிவாயிற்று. இறுதியிற் சனியின் வளையங்களில் எழும் அலைகளைக் கொண்டு கோளின் உள்ளதிர்வை அறிந்து, 2019இல் 10 மணித்தியாலம் 33 நிமிடம் 38 செக்கன் எனக் கணித்தனர். யுரேனஸ் 17 மணித்தியாலம் 14 நிமிடம், நெப்டியூன் ஏறத்தாழ 16 மணித்தியாலம் 7 நிமிடம். முன்னையதற்கு 1986இற் பெற்ற பெறுமானத்தோடு 28 செக்கன் கூட்ட வேண்டும் என 2025இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

பூமியிடம் திரும்புவோம். அதன் சுழற்சியும் என்றும் ஒரு தன்மையது அன்று என 1754இல் முதலில் வாதிட்டவர் இளைஞரான கான்ட். சந்திரனால் எழும் வற்றுப்பெருக்கின் உராய்வு பூமியைச் சிறிது சிறிதாகத் தடுக்கின்றது என்றார். இயற்கைக்கும் வரலாறு உண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்று எங்கெல்ஸுக்குக் கிடைத்திருக்க முடியாது. 1925இல் முதன்முதலாக அச்சான ‘இயற்கையின் இயக்கவியல்’ என்னும் தொகுப்பில் வற்றுப்பெருக்கு உராய்வு பற்றித் தனிக்கட்டுரையே உண்டு. கான்டின் முன்னறிவை எங்கெல்ஸ் அதிற் போற்றியது முற்றிலும் சரி. ஆனால் தொம்சன், டெயிற் ஆகியோரின் கணிதத்தோடு அவர் அங்கு பொருதும்போது தவறுகின்றார். 1940இல் வெளிவந்த ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய ஹால்டேன், தாமும் மார்க்சியராக இருந்தே, இக்கட்டுரையிலுள்ள பிழையை மறைக்காது எடுத்துரைத்தார். எங்கெல்ஸ் அதனை அந்நிலையில் வெளியிட்டிருக்கமாட்டார் என்ற கருத்தையும் தெரிவித்தார். அந்நூலைத் தமிழில் எடுத்தாளும் எம்மவர் இம்முன்னுரையைத் தவிர்த்துச் செல்லும்போது, தூசிமேகத்தைத் துணைக்கழைத்த அந்தோனியாடியின் நினைவே எமக்கு வருகின்றது.

பூமி இழக்கும் கோண உந்தம் எங்கும் அழிந்துபோவதில்லை, சந்திரனைச் சேர்கின்றது. அதனாற் சந்திரன் ஆண்டுக்கு 3.8 சதமமீற்றர் விலகிச் செல்கின்றது. 1969 முதல் சந்திரனில் வைக்கப்பட்ட கண்ணாடிகளுக்கு லேசர் ஒளி செலுத்தி இதனை அளக்கின்றனர். பபிலோனியரும் சீனரும் எழுதிவைத்த கிரகணக் குறிப்புகளை இன்றைய கணக்கோடு ஒப்பிட்டு நோக்கின், நூற்றாண்டுக்கு ஏறக்குறைய 1.8 மில்லிசெக்கன் நாள் நீண்டு வந்திருப்பது தெரியும். இன்னும் பின்னோக்கிச் சென்றால் ஏடு எழுதியவர் மனிதரல்லர். 1963இல் ஜோன் வெல்ஸ், ஏறத்தாழ 400 மில்லியன் ஆண்டுப் பழைமையுள்ள முருகைக்கல் உயிர்ச்சுவடுகளில் நாட்பதிவாய் அமைந்த நுண்கோடுகளை எண்ணினார். ஓராண்டுக்கு 400 கோடுகள் அளவில் இருந்தன. அக்காலத்து ஆண்டின் நீளம் இன்றையதே. நாள் மட்டும் 22 மணித்தியாலமளவில் இருந்திருக்கின்றது.

1955இற் சீசியம் அணு மணிக்கூடு இயங்கத் தொடங்கிய பின், பூமி நல்ல மணிக்கூடு அன்று என்பது அன்றாட நடைமுறைப் பிரச்சினையாயிற்று. 1967இற் செக்கனுக்குப் பூமியை விட்டு அணுவைக் கொண்டு வரைவிலக்கணம் வகுத்தனர். பிந்தும் பூமிக்காக மணிக்கூட்டை நிறுத்தி வைக்கும் மேலதிகச் செக்கன் 1972 முதல் 27 தடவை சேர்க்கப்பட்டது. கடைசியாகச் சேர்க்கப்பட்டது 2016 டிசெம்பர் 31இல். அதன்பின் பூமி சிறிது விரைந்தே சுழன்று வருகின்றது. நெடுங்காலத் தளர்ச்சியை எதிர்த்து உட்கருவும் வளிமண்டலமும் பனிப்பாறை உருகலும் தத்தம் பங்குக்குக் கூட்டியும் கழித்தும் விடுகின்றன. கணினி வலையமைப்புகளுக்கு இடையூறாயிருக்கின்றது என்ற காரணத்தால், 2035ஆம் ஆண்டுக்குள் இவ்வொரு செக்கன் வரம்பைத் தளர்த்திவிடுவதென 2022இற் கூடிய நிறுத்தலளவைகள் பொதுமாநாடு தீர்மானித்தது.